எச்சில் தட்டை யார் எடுப்பது?

கேள்வி: எனக்கு வயது 41. பள்ளி ஆசிரியை. கணவர் தங்கமானவர், என்னை வேலைக்கு விட்டிருக்கிறார், சமையலறையில் உதவியும் செய்வார். மகள் பிளஸ் ஒன், மகன் ஏழாம் வகுப்பு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவினர்கள் விருந்துக்கு வந்திருந்தார்கள். ஆண்கள் சாப்பிட்டு எழுந்ததும், உள்ளே படித்துக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டு, "தட்டையெல்லாம் எடுத்து வை" என்றார் மாமியார். "தம்பி அங்கேதானே இருக்கிறான், அவன் எடுக்கட்டுமே" என்று சொல்லிவிட்டாள் அவள். கூடமே அமைதியாகிவிட்டது. நானே, "வாயை மூடிக்கொண்டு எடு" என்று அதட்டினேன். இரவு கணவர், "ஒரு தட்டை எடுப்பதற்கெல்லாமா பெண்ணியம்?" என்று சிரித்தார். நாத்தனாரோ, "பஸ்ஸில் இலவசம், மாதம் ஆயிரம் ரூபாய், சொத்தில் பங்கு, எல்லாம்தான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன வேண்டுமாம்?" என்கிறார். மகள் என்னோடு முகம் கொடுத்துப் பேசி மூன்று வாரம் ஆகிறது. நான் செய்தது தவறா?
— ஓர் ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

தவறுதான். ஆனால் அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் மூன்று வாரமாக அதை நினைத்து உறுத்திக்கொண்டிருப்பவர் நீங்கள் ஒருவர்தான் என்பதையும் பார்க்கிறேன்.

உங்கள் கணவரின் கேள்வி நல்ல கேள்வி. ஒரு தட்டை எடுப்பதில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லையென்றால் பையனே எடுத்திருக்கலாமே. அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான். அவள்தான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அடுத்த அறையிலிருந்து வர வேண்டியிருந்தது. இவ்வளவு அற்பமான வேலைக்கு ஓர் ஆண்பிள்ளையை எழுப்பச் சொன்னதும் ஒரு வீடே வாயடைத்துப் போகிறதென்றால், அந்தத் தட்டில் ஏதோ இருக்கிறது.

எச்சில் நம்மிடம் லேசான சொல் அல்ல. யாருடைய எச்சிலை யார் எடுப்பது என்பதை வைத்தே மேல், கீழ் பார்த்து வந்தவர்கள் நாம். என் பாட்டி, தாத்தா சாப்பிட்டு எழுந்த இலையிலேயே தனக்கும் போட்டுக்கொள்வார். அதைப் பெருமையாகவும் சொல்வார். அம்மா தனித் தட்டுக்கு வந்துவிட்டார், ஆனால் கடைசிப் பந்தியில். மீன் குழம்பு வைத்த நாளில் அவர் தட்டில் வால் துண்டும் சட்டியில் வழித்த மசாலாவும்தான் இருக்கும். "எனக்கு வால்தான் பிடிக்கும்" என்பார். நாங்களும் நம்பினோம். எழுபது வயதில் என் வீட்டில் தங்கியிருந்தபோது ஒருநாள் நடுத்துண்டை அவர் தட்டில் வைத்தேன். ஒரு முள் விடாமல் எடுத்து வைத்துவிட்டு, நிதானமாக, கடைசி வரை சாப்பிட்டார். நான் எதுவும் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தில் இரண்டு சொற்களைப் பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறேன். "வேலைக்கு விட்டிருக்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை நீங்கள் வேலைக்கு விட்டிருப்பதாக யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? அடுத்தது, "உதவி". தான் குடியிருக்கும் வீட்டில், தான் சாப்பிடப்போகும் சோற்றுக்கு வெங்காயம் நறுக்குவது யாருக்குச் செய்யும் உதவி? குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நானும் இருபது வருடம் இதே சொற்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மத்திய அரசு 2019இல் நாடு முழுவதும், மக்கள் தங்கள் நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுத்தார்கள். ஆண்கள், 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களை மட்டும் எடுத்துப் பார்த்த கணக்கு; அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். 2024இல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289 ஆகக் குறைந்திருந்தது. அந்தப் பத்து நிமிடத்தை ஆண்கள் ஏற்றுக்கொண்டார்களோ என்று ஆசையாகப் பார்த்தால், அவர்களுக்கும் 88 ஆகக் குறைந்திருக்கிறது! அது ஒரு தட்டு, இது ஒரு தம்ளர் என்று சேர்ந்ததுதான் அந்த 289. இந்த உழைப்புக்கு மதிப்பு உண்டு என்பதால்தான், 2023இல் ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், வெளிநாட்டில் சம்பாதித்த கணவர் வாங்கிய சில சொத்துகளில், இங்கே குடும்பத்தைக் கவனித்துக்கொண்ட மனைவிக்குச் சரிபாதி உண்டு என்று தீர்ப்பளித்தது.

உங்கள் நாத்தனாருக்கு வருகிறேன். எல்லாம் கிடைத்துவிட்டது என்கிறார். மழை மாதிரி மேலிருந்து விழுந்துவிடவில்லை. பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டது 1929இல். தமிழ்நாட்டில் அதற்குச் சட்டம் வந்தது 1989இல். நாடு முழுமைக்கும் 2005இல். முதல் அறுபது வருடமும் எத்தனை பேர் "இன்னும் என்ன வேண்டுமாம்?" என்று கேட்டிருப்பார்கள்! சரி, சட்டம் வந்ததே, பங்கு வந்ததா? சீரும் நகையும்தான் செய்தாயிற்றே என்று சொல்லி, அக்கா தங்கைகளைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். அந்தப் பத்திரத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். யாருக்கு விடுதலையோ! நாத்தனார் தன் பங்கை வாங்கிக்கொண்டாரா என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், அது உங்கள் கணவரிடம்தான் இருக்கும். பெண்ணியம் நம் பக்கம் திரும்பிக் கேட்கிற இடம் அது. எனக்கும் அங்கே வியர்த்திருக்கிறது.

மாமியாரோடு சண்டை வேண்டாம். அவர் தன் வாழ்க்கையில் ஒரு வேலையை அடுத்தவர் தலையில் கட்ட முடிந்ததே மருமகள் வந்த பிறகாகத்தான் இருக்கும்.

மகளிடம் இன்றே பேசுங்கள். "நீ சொன்னது சரி, நான் அதட்டியது தப்பு" என்று இரண்டு வாக்கியம் போதும், ஆனால் தம்பி காதில் விழும்படி. அம்மா ஒருத்தி மகளிடம் தப்பை ஒப்புக்கொள்வதை அவனும் பார்க்கட்டும்.

பிறகு, அவரவர் தட்டை அவரவர் கழுவி வைப்பது என்று தொடங்குங்கள். முதல் வாரம் பையன் தட்டின் விளிம்பில் குழம்பு அப்படியே ஒட்டியிருக்கும். "இவனிடம் சொல்வதற்கு நாமே செய்துவிடலாம்" என்று கை பரபரக்கும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அடுத்த வேளை அதே தட்டில் சோற்றைப் போட்டு வையுங்கள், கற்றுக்கொள்வான். இன்னொன்று: நன்றாகக் கழுவிவிட்டான் என்று "என் சமத்து" என்று கொஞ்சாதீர்கள். பத்து வருடமாகக் கழுவும் பெண்ணை அப்படிக் கொஞ்சியிருக்கிறீர்களா?

அடுத்த விருந்தில் முதலில் தட்டோடு எழ வேண்டியவர் உங்கள் கணவர். அவரிடம் முந்தின நாள் இரவே, தனியாகச் சொல்லிவிடுங்கள். ஒரு தட்டுதானே என்று சிரித்தவர், எடுத்துவிடுவார்.