அத்திரம்பாக்கத்துக் கல்லும் காங்கயத்துக் குலமும்

வணக்கம்.

எங்கள் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளுக்கு 3.85 லட்சம் வயது, மொராக்கோவில் கிடைத்த மனித எலும்புக்கு 3 லட்சம்தான், ஆகவே முதல் மனிதன் தமிழன் என்கிறார்கள். சீனாவில் 10 லட்சம் வருட மண்டையோடு கிடைத்துவிட்டது, மனிதன் ஆப்பிரிக்காவில் பிறந்தான் என்ற கதை முடிந்தது என்று ஒரு தம்பி சேர்த்துப் போட்டிருக்கிறான். பத்தாவது படிக்கும் பேத்தி எல்லாம் பொய் என்கிறாள். எது சரிங்க? அப்புறம், எச்சில் அனுப்பினால் டிஎன்ஏ பார்த்துச் சொல்கிறார்களாமே, எங்கள் குலம் எத்தனை ஆயிரம் வருடம் பழையது என்று அதில் தெரியுமா?

– ஒரு வாசகர், காங்கயம்

அன்புள்ள ஐயா,

எல்லாம் பொய் இல்லை. எண்கள் சரிதான், அவற்றிலிருந்து எடுத்த முடிவுதான் கோளாறு.

அத்திரம்பாக்கம் திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் இருக்கிறது. 1863இலேயே நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த இடம். தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே வருடக்கணக்காகத் தோண்டி, 2018இல் அந்த 3.85 லட்சத்தை அறிவித்தார்கள். அதே குழிக்கு அடியில் உள்ள கைக்கோடரிகளுக்கு 15 லட்சம் வயது என்று 2011இலேயே சொல்லிவிட்டார்கள். பழசாக இருந்தால் போதும் என்றால் உங்கள் குழு இதைத்தான் போட்டிருக்க வேண்டும். ஏன் விட்டார்கள் என்று தெரியவில்லை.

விஷயம் என்னவென்றால், அங்கே கல் கிடைத்திருக்கிறது, மனித எலும்பு கிடைக்கவில்லை. கல்லை முன்கூட்டியே பக்குவமாகச் செதுக்கிவைத்து, ஒரே அடியில் வேண்டிய வடிவத்தில் சில்லைப் பெயர்த்தெடுக்கும் லெவலுவா முறை அந்த 3.85 லட்சம் வருட அடுக்கில் தெரிகிறது. இதே முறையை ஐரோப்பாவில் நியாண்டர்தால்கள் (நமக்கு நெருங்கிய, அழிந்துபோன மனித இனம்) கையாண்டார்கள், ஆப்பிரிக்காவில் நம் இனமான சேப்பியன்ஸும் கையாண்டது. ஆக, கருவியைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் எலும்புகள் (2017இல் வெளியானவை) அப்படியல்ல. முகமும் பல்லும் நம்முடையதைப் போலவே இருக்கின்றன, மண்டையின் பின்பகுதி மட்டும் நீளம். இந்தியாவில் அந்த மாதிரி பழைய மண்டையோடு என்று சொல்ல 1982இல் நர்மதைக் கரையில் ஹத்னோராவில் அருண் சோனாக்கியா கண்டெடுத்த ஒன்றுதான் உண்டு. அது எந்த இனம் என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.

சீனச் சமாச்சாரத்தில் உண்மையான சுவாரசியம் அந்தத் தம்பி போட்டதில் இல்லை. 2010இல் சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த ஒரு விரல் எலும்புத் துணுக்கிலிருந்து டிஎன்ஏ எடுத்தார்கள். அது நாமும் இல்லை, நியாண்டர்தாலும் இல்லை. மூன்றாவது ஒரு கூட்டம், குகையின் பெயரால் டெனிசோவன் என்றார்கள். டிஎன்ஏ இருந்தது, முகம் இல்லை. இன்னொரு பக்கம், 1933இல் சீனாவின் ஹார்பின் நகரில் பாலம் கட்டும்போது ஒரு தொழிலாளிக்கு மண்டையோடு ஒன்று கிடைத்தது. ஜப்பானியர் ஆட்சி நடந்த காலம். அவர் அதைப் பாழுங்கிணற்றில் ஒளித்துவைத்து, சாகும் தறுவாயில்தான் குடும்பத்தாரிடம் சொன்னார். 2018இல் அது ஆய்வாளர் கைக்கு வந்தது. 2025இல் அதன் பல் காறையிலிருந்து டிஎன்ஏவும், எலும்பிலிருந்து புரதமும் எடுத்துப் பார்த்தால், அது டெனிசோவன். பல் காறையில் ஒரு லட்சம் வருடத்துக்கு மேல் டிஎன்ஏ உட்கார்ந்திருக்கும் என்று யார் நினைத்தது!

தம்பி சொல்லும் 10 லட்சம் வருட மண்டையோடு யுன்ஷியானில் நசுங்கிய நிலையில் கிடைத்தது. 2025இல் கணினியில் நிமிர்த்திப் பார்த்து, அதுவும் ஹார்பின் கிளையின் பழைய உறவு என்றார்கள். அப்படியானால் நம் கிளையும் அவர்கள் கிளையும் பிரிந்தது நினைத்ததைவிட வெகு முன்னால் என்று ஆகும். இதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டாலும் நாம் சீனாவில் பிறந்தோம் என்று ஆகிவிடாது.

2025இல் 2,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் மரபணுத் தொகுதியை முழுக்கப் படித்த ஆய்வு ஒன்று வந்தது. நம் வம்சாவளியில் பெரும்பகுதி சுமார் 50,000 வருடம் முன்பு ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய ஒரே புறப்பாட்டிலிருந்து வந்தது என்கிறது. பேத்தி இந்த இடத்தில் கெட்டிக்காரி. கூடவே நம் எல்லோரிடமும் 1 முதல் 2 சதவீதம் நியாண்டர்தால், டெனிசோவன் சொத்து இருக்கிறது. கொரோனாவில் நோயை முற்றவைத்த ஒரு மரபணுத் துண்டு நியாண்டர்தாலிடமிருந்து வந்தது என்று 2020இல் ஸீபர்க், பாபோ என்ற மரபணு ஆய்வாளர்கள் காட்டினார்கள். தெற்காசியாவில் சுமார் பாதிப்பேர் அதைச் சுமக்கிறோம். ஆப்பிரிக்காவில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சுமார் ஐம்பதாயிரம் வருடம் முந்தைய சம்பந்தம் 2020இல் ஆஸ்பத்திரி வரை வந்தது.

குலத்துக்கு வருகிறேன். குலம் அப்பா வழியில் இறங்குவது, அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம் என்ற மரபணு இழையும் அப்படியே. எச்சில் சோதனையில் குலத்தோடு ஒட்டிவருவது அந்த ஒற்றை வழிதான். ஆனால் ஒரே குலத்தில் கட்டினால் பங்காளி முறை என்பதால், உங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு அம்மாவும் வேறு குலத்துப் பெண். பத்துத் தலைமுறை மேலே போனால் முன்னோருக்கு 1,024 இடம். மாமன் மகளைக் கட்டுகிற நம் ஊர்க் கணக்கில் ஒரே ஆள் இரண்டு மூன்று இடத்தில் உட்கார்ந்திருப்பார், அது வேறு. அப்படியும் நூற்றுக்கணக்கில் ஆட்கள் தேறுவார்கள். அதில் உங்கள் குலப்பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது ஒரு கோட்டில்தான். சோதனையில் சொல்லும் அந்த ஒய் வகையின் குறியும் குலப்பெயரைவிடப் பல்லாயிரம் வருடம் மூத்தது. உங்கள் குறியே வேறு சாதிக்காரருக்கும், விந்திய மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் வரும். குழுவில் அதைப் போட்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவில் கிட்டத்தட்ட எல்லாக் கூட்டங்களும் 4,200 முதல் 1,900 வருடம் முன்புவரை ஒன்றோடொன்று கலந்தன, அதன் பிறகுதான் உள்ளுக்குள்ளேயே கட்டும் வழக்கம் இறுகியது என்று 2013இல் ஒரு மரபணு ஆய்வு சொன்னது. நொய்யல் கரையில் நம் பழங்கால வணிக ஊரான கொடுமணல் செழித்திருந்தது அந்தக் கலப்புக் காலத்தின் பிற்பகுதியில். அங்கே கிடைத்த பானையோடுகளில் தமிழ்ப் பெயர்களோடு வடக்கத்திப் பிராகிருத மொழிப் பெயர்களும் கீறியிருக்கின்றன.

குலத்தின் வயதுதான் வேண்டுமென்றால் எச்சில் குப்பிக்குப் பணம் கட்டாதீர்கள். உங்கள் காணிக் கோயிலில் (குலத்துக்கு உரிமையான கோயிலில்) கல்வெட்டு இருந்தால், சுண்ணாம்பு அடித்து மூடுவதற்கு முன்னால், படிக்கத் தெரிந்தவர் யாரையாவது கூட்டிப்போய்க் காட்டுங்கள். எழுத்தின் வடிவத்தை வைத்தே நூற்றாண்டைச் சொல்லிவிடுவார்கள்.