இருமினால் கசியும் சிறுநீர்: ஆபரேஷன் எத்தனை வருஷம் தாங்கும்?

கேள்வி: டாக்டர், 48 வயசு. தும்மினால், பஸ் படி ஏறினால் சிறுநீர் கசியுது. டேப் வைக்கலாம் என்கிறார்கள். எத்தனை வருஷம் தாங்கும்?

பதில்: பெரும்பாலோருக்குப் பல வருஷம் தாங்கும். சிறுநீர் வெளியேறும் குழாய்க்கு அடியில் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஒரு பட்டையை ஊஞ்சல் மாதிரி வைப்பதுதான் இந்த முறை. 1990களில் ஸ்வீடன் டாக்டர் உல்ஃப் உல்ம்ஸ்டன் கொண்டுவந்தார். ஸ்வீடன் இருக்கும் வட ஐரோப்பிய (நார்டிக்) நாடுகளில் ஆரம்பத்தில் வைத்துக்கொண்ட 90 பேரை அப்படியே தொடர்ந்து கவனித்தார்கள். 17 வருஷம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல், இருமச் சொன்னபோது கசியவில்லை.

கேள்வி: 5 வருஷத்தில் முக்கால்வாசிப் பேருக்குக் கசிகிறது என்று படித்தேனே?

பதில்: நீங்கள் படித்தது 655 பெண்களை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வாக இருக்கும். டேப் இல்லை அது. சொந்தத் திசுவில் செய்யும் தாங்கு பட்டை (ஸ்லிங்) ஒரு பக்கம், வயிற்று வழியாகத் தைத்துத் தூக்கும் பர்ச் முறை இன்னொரு பக்கம். 5 வருஷத்தில் சுத்தமாகக் கசியாதவர்கள் ஸ்லிங்கில் 31 சதவீதம், பர்ச்சில் 24. அதே பெண்களிடம் திருப்தியா என்று கேட்டால், 83-ம் 73-ம். 3 நாள் குறிப்பேட்டில் ஒரு தடவை கசிந்ததாக எழுதினாலும் அங்கே தோல்விக் கணக்கு. போதாததற்கு, கசிவு இருந்தவர்களே அதிகமாகத் தொடர்ந்து வந்தார்கள். ஊருக்குப் போகிற நாளில் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் பஸ் ஏறிய பெண்ணுக்கு, சளி பிடித்தால் மட்டும் இரண்டு சொட்டு என்பது தோல்வியா? டாக்டர் "90 சதவீதம் வெற்றி" என்றால், எதை வெற்றி என்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் மெஷ் (வலை) கேஸ் நடக்குதாமே? பயமா இருக்கு.

பதில்: அமெரிக்காவில் 2019-இல் விற்பனையை நிறுத்தியது அடியிறக்கத்துக்கு (கருப்பை கீழிறங்குவதற்கு) பிறப்புறுப்பு வழியாக வைக்கும் பெரிய வலையை, இந்தச் சின்ன டேப்பை அல்ல. இங்கிலாந்து 2018-இல் டேப்பையும் நிறுத்தி வைத்தது. பயத்தில் நியாயம் இருக்கிறது. அங்கே 95,000 பெண்களின் பதிவுகளைப் பார்த்ததில், 9 வருஷத்துக்குள் 3.3 சதவீதம் பேருக்கு டேப்பை எடுக்க வேண்டி வந்தது. சதை அதற்குள் வளர்ந்துவிடுவதால் முழுசாக எடுப்பது லேசில்லை. தொடை வழியாக வைக்கும் வகையில் தொடை இடுக்கு வலி கூடுதல். முன் இடுப்பெலும்புக்குப் பின்னால் மேல்நோக்கி வைப்பதில் சிறுநீர்ப்பையில் ஊசி படும் அபாயம் கூடுதல். உங்களுக்கு எது என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

கேள்வி: 31 வயசு, இன்னொரு குழந்தை வேணும். இப்பவே செய்துக்கலாமா?

பதில்: பொறுங்கள். முதலில் மூன்று மாதம் இடுப்புத்தள (சிறுநீரை அடக்க உதவும்) தசைப் பயிற்சி, தெரிந்த பிசியோதெரபிஸ்டிடம்.

கேள்வி: அம்மாவுக்கு டேப் வைத்து 6 வருஷம் நல்லா இருந்தாங்க. இப்ப பாத்ரூம் போறதுக்குள்ள போயிடுது. டேப் கழண்டுடுச்சா?

பதில்: அநேகமாக இல்லை. இருமும்போது கசிவது ஒன்று, அவசரம் தாங்காமல் போவது வேறு, டேப் முதலாவதுக்குத்தான். இந்த அவசரம் வயதாலும் வரும், சில சமயம் டேப் இறுக்கமாக இருந்தாலும் வரும். யூரின் டெஸ்ட், சர்க்கரை, சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு மிச்சம் என்று ஒரு ஸ்கேன் பாருங்கள். பிறகு சிறுநீர் நிறைந்திருக்கும்போது நிற்க வைத்து இருமச் சொல்லிப் பார்ப்பார்கள். அப்போது கசியவில்லை என்றால் இரண்டாவது டேப்புக்குச் சம்மதிக்காதீர்கள். அவசரம் மாத்திரைக்கே பலருக்குக் குறையும்.