தெரு குரூப்பைக் கலைக்கலாமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவும் இரண்டு குறுக்குத் தெருக்களும் சேர்ந்து 64 வீடுகள். மழைக்காலத்துக்கு உதவுமே என்று ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப்புக்கு நான்தான் அட்மின். இப்போது குட் மார்னிங் படம், பவர் கட், வளைகாப்புப் பத்திரிகை, அரசியல் சண்டை எல்லாம் அதில்தான். போன மாதம் எதிர் வரிசைப் பெரியவர் காலமான செய்தி பாதிப் பேர் கண்ணிலேயே படவில்லை. அடுத்த வாரம் ‘பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்க’ என்று யாரோ போட, பெட்ஷீட் விற்க வந்தவரை நம் தெருப் பையன்களே மறித்து நிற்க வைத்துவிட்டார்கள். பேசாமல் குரூப்பைக் கலைத்துவிடலாமா?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: கலைக்க வேண்டாம், இரண்டாகப் பிரித்துவிடுங்கள். பவர் கட் செய்திக்கு ஆயுள் அரை நாள். சாவுச் செய்திக்குச் சில மணி நேரம். காதுகுத்துப் பத்திரிகைக்கு இரண்டு வாரம். குட் மார்னிங்குக்கு ஆயுளே கிடையாது. இத்தனையும் ஒரே இடத்தில் கொட்டினால், அவசரமானதுதான் முதலில் புதையும்.

இப்போதுள்ள குரூப் அரட்டைக்கு இருக்கட்டும். ‘அறிவிப்பு’ என்று புதிதாக ஒன்று தொடங்கி, குரூப் பெர்மிஷன்ஸில் உறுப்பினர்கள் செய்தி அனுப்பும் வசதியை அணைத்துவிடுங்கள். அட்மின்கள் மட்டுமே போட முடியும். அட்மின் நீங்கள் ஒருவராக இருக்கக் கூடாது, மூவர் வேண்டும். பகலில் வீட்டில் இருப்பவர் ஒருவர், ராத்திரி வெகுநேரம் விழித்திருக்கும் இளவட்டம் ஒருவர், தெருவில் எல்லோரையும் முகம் பார்த்துத் தெரிந்தவர் ஒருவர். செய்தி வைத்திருப்பவர் இவர்களில் ஒருவருக்கு அனுப்புவார். எப்போது, எங்கே, நேரில் பார்த்தது யார் என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால் போடுங்கள். ஒன்று குறைந்தாலும் போடாதீர்கள். பல குரூப்புகளை ஒரே குடையில் சேர்க்கும் கம்யூனிட்டி வசதியெல்லாம் நாலைந்து பிளாக் உள்ள பெரிய அடுக்குமாடிகளுக்குத்தான், 64 வீட்டுக்கு இது போதும்.

புது உறுப்பினரை அட்மின் அனுமதித்த பிறகே சேர்க்கும் வசதியையும் போட்டு வையுங்கள். பழைய குரூப்பை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். வீடு காலி செய்து போனவர், வாடகைக்கு ஆள் பிடித்துத் தந்த புரோக்கர், யாருடைய நம்பர் என்றே தெரியாத நாலைந்து பேர் நிச்சயம் இருப்பார்கள். ‘குடும்பத்தோட திருப்பதி கிளம்பிட்டோம்’ என்று ஒருவர் போடும்போது அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறார். வெளியூர் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் ஒருவரிடமும் காவல் நிலையத்திலும் சொன்னால் போதும். படங்கள் திரும்பி வந்த பிறகு போடலாம்.

சாவுச் செய்தி தவறிப்போனதற்கு வருவோம். முதல் செய்தி போட்ட பத்தாவது நிமிஷத்தில் ‘ஆழ்ந்த இரங்கல்’ வரிசையாக வர ஆரம்பிக்கும். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற ஒரே முக்கியமான வரி அதற்கு அடியில் போய்விடும். அறிவிப்பில் இப்படிப் போடுங்கள்: ‘12ஆம் எண் வீட்டுப் பெரியவர் (78) இன்று காலை 5 மணிக்குக் காலமானார். உடல் வீட்டில் உள்ளது. மாலை 4 மணிக்கு எடுக்கிறார்கள். விவரத்துக்கு மருமகன் எண்.’ கூடவே மயானத்தின் பெயர். போட்டதும் அது குரூப்பின் உச்சியிலேயே நிற்கும்படி, 24 மணி நேரம் என்று தேர்ந்தெடுத்து ‘பின்’ (Pin) செய்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து மகன் வரவேண்டும், ஃப்ரீசர் பாக்ஸில் வைத்திருக்கிறார்கள் என்றால் நேரம் மாறிக்கொண்டே இருக்கும். அனுப்பிய 15 நிமிஷத்துக்குப் பிறகு செய்தியைத் திருத்த முடியாது. ஆகவே பழையதை எல்லோருக்கும் அழித்துவிட்டு, ‘நேரம் மாற்றம்’ என்று தொடங்கிப் புதிதாகப் போடுங்கள். இறந்தவர் வீட்டாரைக் கேட்காமல் எதையும் போட வேண்டாம். சொந்த அக்காவுக்கே குரூப் வழியாகச் செய்தி போவது கொடுமை.

ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களுக்கு? 64 வீட்டை எட்டு எட்டாகப் பிரித்து, ஒவ்வொரு எட்டுக்கும் கதவைத் தட்டிச் சொல்ல ஒருவரை நியமியுங்கள். இந்த ஏற்பாடு மழைக்கும் வேண்டும். 2016 வர்தாவிலும் 2023 மிக்ஜாமிலும் கரண்ட் போனது, பின்னாலேயே செல்போன் டவர்களும் போயின. மிகவும் தேவைப்படும் நாளில் வாட்ஸ்அப் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும் முதியவர், ஆக்ஸிஜனோ டயாலிசிஸோ தேவைப்படுபவர், நிறைமாதக் கர்ப்பிணி யார் யார் என்பது அந்தந்த எட்டு வீட்டுப் பொறுப்பாளரிடம் காகிதத்தில் இருக்கட்டும். அதைக் குரூப்பில் போட வேண்டாம்.

அடுத்து, பெட்ஷீட்காரர். உங்கள் தெருவில் அவர் பிழைத்துப் போனார் என்றுதான் சொல்ல வேண்டும். 2018 மே மாதம், போளூர் அருகே ஒரு கிராமத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது அம்மாவைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து ஊரே அடித்துக் கொன்றது. அவர் குடும்பத்தோடு குலதெய்வக் கோயிலைத் தேடி வந்தவர். அந்தச் சமயத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றிய ஆடியோக்களும் வீடியோக்களும்தான் எண்ணெய் ஊற்றின. வந்த செய்தியில் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து கைகளாவது மாறி வந்த சரக்கு. அதில் தேதி இருக்காது, தெருப் பெயர் இருக்காது, ‘நம்ம ஏரியா’ என்றுதான் இருக்கும். பீதி கிளப்பும் பொய்ச் செய்தியைப் பரப்புவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 353ஆம் பிரிவில் குற்றம் என்பதைக் குரூப் விவரத்தில் ஒரு வரியாக எழுதி வையுங்கள். பாதிப் பேர் அதிலேயே அடங்குவார்கள்.

உண்மையிலேயே சந்தேகம் வந்தால்? முதல் போன் 112க்கு, குரூப் அதற்குப் பிறகு. யாரும் யாரையும் பிடித்து வைக்கவோ படம் எடுத்துப் போடவோ வேண்டாம். சங்கிலிப் பறிப்பு மாதிரி நடந்துவிட்டால் போலீஸுக்கு வேண்டியது: நேரம், வண்டியின் நிறம், எண்ணில் ஞாபகம் இருக்கும் கடைசி இலக்கங்கள், எந்தப் பக்கம் போனார்கள். சிசிடிவி பார்க்கும்போது எல்லோரும் கோட்டைவிடுவது ஒன்று உண்டு. காட்சியைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆரில் ஓடும் கடிகாரம் பல வீடுகளில் பத்து, இருபது நிமிஷம் தப்பாக ஓடும். திரையில் உள்ள நேரத்தையும் செல்போன் நேரத்தையும் ஒரே படத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, காட்சியைப் பென் டிரைவில் இறக்கிவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும், ஒரு வாரம் கழித்துத் தேடினால் இல்லாமல் போகலாம்.

இன்னொரு திருடன் பத்திரிகை வடிவில் வருகிறான். தெரிந்தவர் எண்ணிலிருந்தே ‘திருமண அழைப்பிதழ்’ என்று வரும். கோப்பின் பெயர் ஏ.பி.கே என்று முடிந்தால் அது பத்திரிகை இல்லை, போனில் ஏறி வங்கி ஓ.டி.பி.யைப் படிக்கும் செயலி. பத்திரிகை என்றால் படம், பி.டி.எஃப், வீடியோ இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். யாராவது இன்ஸ்டால் செய்துவிட்டால் உடனே ஏரோபிளேன் மோட், வைஃபையும் ஆஃப். வேறு போனிலிருந்து வங்கிக்கும், சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கும் பேசட்டும். பணம் போயிருந்தால் பரிவர்த்தனை எண்ணையும் நேரத்தையும் கையில் வைத்துக்கொள்ளட்டும். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறாரோ அந்த அளவுக்குப் பணம் வழியிலேயே முடக்கப்பட வாய்ப்பு. அவருடைய எண்ணை நீங்கள் அந்த நிமிஷமே குரூப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார், பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

மழைச் செய்தியில் ‘தண்ணி ஏறுது’ என்பதால் யாருக்கும் பயனில்லை. தெருமுனைக் காம்பவுண்டுச் சுவர் ஒன்றில் கணுக்கால், முழங்கால், இடுப்பு அளவுக்கு மூன்று கோடு பெயிண்டால் போட்டு வையுங்கள். ‘காலை 6.40, முதல் கோடு’, ‘7.30, இரண்டாம் கோடு’ என்று வந்தால் வண்டியை எடுப்பதா, மீட்டர் பெட்டியை எட்டும் முன் மெயினை அணைப்பதா என்று வீட்டிலிருந்தே முடிவெடுக்கலாம். ஒவ்வொரு மழைக்கும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று ஆடியோ ஒன்று சுற்றும். அந்த ஏரியின் உபரி நீர் அடையாற்றில் திருநீர்மலை, மணப்பாக்கம், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை வழியாகக் கடலுக்குப் போகிறது. உங்கள் பக்கத்துத் தலைவலி கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளும் அவை போய்ச் சேரும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும்தான். கவனம் அங்கே இருக்கட்டும்.

கரண்ட் போனால் ‘உங்க வீட்ல இருக்கா?’ என்ற கேள்வியைத் திட்டாதீர்கள். பயனுள்ள கேள்வி அது. உங்கள் வீட்டில் மட்டும் இல்லையென்றால் உங்கள் ஃபியூஸ். ஒன்றுவிட்டு ஒன்றாகச் சில வீடுகளில் மட்டும் இல்லையென்றால் ஒரு ஃபேஸ் போயிருக்கலாம். ஒருவர் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987இல், இணைப்பு எண்ணைச் சொல்லிப் புகார் கொடுத்துவிட்டுப் புகார் எண்ணை அறிவிப்பில் போட்டால் மற்றவர்களும் அதையே சொல்லிக் கேட்கலாம். குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகாலுக்கு மாநகராட்சியின் 1913. குடிநீர், கழிவுநீர் அடைப்புக்குக் குடிநீர் வாரியத்தின் 1916.

விசேஷங்களில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. பத்திரிகையைக் குரூப்பில் போட்டதோடு நிறுத்தினால் அழைத்த கணக்கில் சேராது. வீட்டுக்கு வந்து குங்குமம் கொடுத்து அழைத்தால்தான் வருவோம் என்பவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு, சமையல்காரருக்கு இலைக் கணக்குச் சொல்லவும் அதுவே வசதி. தெருவில் பந்தல் போடுகிறவர்கள் போலீஸ் அனுமதியோடு, எந்தத் தேதியில் எத்தனை மணி முதல் கார் வெளியே எடுக்க முடியாது என்பதையும் முந்தின நாளே அறிவிப்பில் தரட்டும். ராத்திரி 10 மணிக்கு ஸ்பீக்கர் நிற்க வேண்டும், அது சட்டம். மஞ்சள் நீராட்டுப் படங்களை மட்டும் யாரும் குரூப்பில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் நாளைக்கு அதே தெருவில் சைக்கிளில் பள்ளிக்குப் போக வேண்டும்.

குட் மார்னிங் அனுப்பும் பெரியவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அரட்டை குரூப்பை மியூட்டில் போடுவது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். தினமும் ஆறு மணிக்கு ரோஜாப்பூ அனுப்புகிற தாத்தா ஒருநாள் அனுப்பாவிட்டால், எட்டு வீட்டுப் பொறுப்பாளர் போய்க் கதவைத் தட்டிவிட்டு வரட்டும்.