யாருக்கென்று கேட்க முடியாத பாட்டு

கேள்வி: ஜார்ஜிய மலைநாட்டுக் கதைகள் சிலவற்றை மொழிபெயர்ப்பில் படித்தேன். காதலைச் சொல்ல வேண்டிய கட்டம் வந்ததும் பாத்திரங்கள் பேச்சை நிறுத்திவிட்டு நாட்டுப்பாடலில் நான்கு அடி பாடுகின்றனர். இது கதைக்கு அலங்காரம் மட்டும்தானா?
— வாசகி, தேவிபட்டினம்

பதில்: அலங்காரம் என்று நான் கருதவில்லை, அந்த நான்கு அடியை எடுத்துவிட்டால் கதைக்கு உயிர் இராது. காகசஸ் மலையிலுள்ள ப்ஷாவி, கெவ்சுரேதி வட்டாரங்களில், ஒரே தெய்வத்தலத்தை வழிபடும் சமூகத்தார் தம்மை உடன்பிறந்தாராகவே கொண்டதால், அவர்களுக்குள் மணவுறவு விலக்கப்பட்டிருந்தது. ஆயினும் அதே சமூகத்து இளைஞனும் இளம்பெண்ணும், எல்லை மீறாமல், அருகருகே படுத்து இரவைக் கழிக்கும் வழக்கம் ஊரறிய நிலவியது. ப்ஷாவியில் அதனைச் ‘சாச்லோபா’ என்பர். நெருங்கலாம், மணக்க முடியாது என்ற அந்தத் தவிப்பிலிருந்து பிறந்த காதற்பாடல்கள் அங்கே பல உண்டு. மூன்று நரம்புடைய பாந்துரி என்னும் கருவியை மீட்டிப் பாடுவார்கள்.

ஏழாண்டுகள் ஆடு மேய்த்து மலைமக்களோடு வாழ்ந்த அலெக்சாந்தர் கஸ்பெகி (1848–1893) எழுதிய ‘கெவிஸ்பெரி கோச்சா’ என்ற கதையில், நண்பனுக்குரிய மணமகளை விரும்பும் ஒனிசே, அந்தக் காதலால் போர்க்காலக் காவலில் தவறிவிட, ஊர்த்தலைவரான தந்தையே அவனைக் கொல்கிறார். வெளியே சொன்னால் உயிரையே கேட்கும் காதல் இது. இத்தகைய காதலை எழுதுகிறவருக்கு நாட்டுப்பாடல் பெரிய துணை. ஏனெனில் பாட்டு ஊருக்குச் சொந்தம், பாடியவரைப் பிடித்து விசாரிக்க எவராலும் முடியாது.

நம் கரையில் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைத் தாங்கள் கேட்டிருப்பீர்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்கிப் பாடுகையில், கயிற்றின் இழுவைக்கிடையே ஒரு பெண்ணை நினைத்த வரியொன்று வந்து விழும்; யாரை நினைத்துப் பாடினாய் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. அகப்பாடலில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்று தொல்காப்பியம் விதித்ததும் எனக்கு இங்கே நினைவுக்கு வருகிறது.

மொழிபெயர்ப்பில் சந்தம் போய்விடுவது பெரிய இழப்புதான். ஆனாலும் அந்த இடங்களை மீண்டும் படிக்கும்போது, பாடுகிறவரை விட்டுவிட்டு, அருகிலிருந்து கேட்கிறவரை ஆசிரியர் எப்படி எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். பாட்டு யாருக்கென்பது பெரும்பாலும் அங்கேதான் தெரியவரும்.