உலக வங்கிக் கடனும் உள்ளூர்த் தராசும்: பொதுச் சுகாதாரம் கேள்வி பதில்

மதுரை மாவட்டத்தில் பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற மருத்துவர் ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

செல்லூர் வாசகர்: கொரோனா காலத்தில் எதற்கெடுத்தாலும் "உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது" என்றார்கள். அது உத்தரவிட்டால் நம் மாநகராட்சி கட்டுப்பட வேண்டுமா?

வேண்டியதில்லை ஐயா. அந்த நிறுவனத்திடம் போலீசும் கிடையாது, அபராதச் சீட்டும் கிடையாது. உங்கள் தெருவில் ஊரடங்கைக் கொண்டுவந்தது ஜெனீவாவில் இருக்கும் அந்த நிறுவனம் அல்ல. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டமும்தான். சர்வதேச சுகாதார விதிமுறைகள் மட்டும் உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும். உலகத்தையே பாதிக்கக்கூடிய நோய் என்று ஒரு நாடு மதிப்பிட்டால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால்? தண்டனை ஏதும் இல்லை, பேர்தான் கெடும்.

கொட்டாம்பட்டி அங்கன்வாடிப் பணியாளர்: எங்கள் ஒன்றியத்தில் அந்தக் காலத்தில் உலக வங்கிப் பணத்தில் சத்துணவுத் திட்டம் நடந்தது என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

உண்மைதான் அம்மா. உங்கள் ஊருக்கு அதில் தனி இடம் உண்டு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-இல் உலக வங்கிக் கடனுதவியோடு முதலில் காலெடுத்து வைத்தது கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் தராசில் நிறுத்து, எடையை அட்டையில் கோடாக வரைவார்கள். கோடு ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்துருண்டை கொடுப்பார்கள். சுமார் 90 நாள் கொடுத்து, எடை தேறியதும் நிறுத்திவிடுவார்கள். யாருக்குத் தேவையோ அவர்களுக்கு மட்டும், தேவை தீரும் வரை மட்டும் என்பது வங்கியின் கணக்கு.

இரண்டே ஆண்டில், 1982-இல், எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். அதில் எடையும் பார்க்கவில்லை, அட்டையும் பார்க்கவில்லை. வந்த பிள்ளைக்குச் சோறு. வங்கியின் போக்குக்கு இது நேர் எதிர். பொருளாதார நிபுணர்கள் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் ஒரே மாநிலத்தில் இரண்டும் அருகருகே நடந்தன. என்னைக் கேட்டால் இரண்டும் தேவைப்பட்டன. மூன்று வயதுக்குள் விட்டுப்போனதைப் பள்ளிச் சோறு முழுதாக மீட்டுத் தராது. அதே சமயம், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு உருண்டை கொடுத்து இன்னொரு குழந்தைக்கு இல்லையென்று சொல்லும் வேலை எவ்வளவு கடினம் என்பது உங்களைப் போன்ற பணியாளருக்குத்தான் தெரியும். வாஷிங்டனில் திட்டம் எழுதுகிறவர் அந்தத் தாயின் முகத்தைப் பார்ப்பதில்லை. நீங்கள் இன்று வரையும் எடைக்கோட்டுக்கு அந்தத் திட்டத்திலும் ஒரு வேர் இருக்கிறது.

திருமங்கலம் வாசகர்: தோப்பூர் எய்ம்ஸ் இவ்வளவு தாமதமானதற்கு ஜப்பான் கடன்தான் காரணமா?

ஒரு பகுதிக் காரணம். அடிக்கல் 2019 ஜனவரியில் நாட்டப்பட்டது. ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தோடு கடன் ஒப்பந்தம் 2021 மார்ச்சில்தான் கையெழுத்தானது. திருத்திய மதிப்பீடான 1,977.8 கோடி ரூபாயில் 1,627.7 கோடி அந்தக் கடன். வெளிக்கடன் என்றால் ஆய்வு, வடிவமைப்பு, டெண்டர் என ஒவ்வொரு படியிலும் இரண்டு தரப்பும் ஒப்ப வேண்டும். வட்டி குறைவு, தவணை நீளம் என்பதெல்லாம் சரி. ஆனால் மற்ற எய்ம்ஸ்களைப் பெரும்பாலும் தன் பட்ஜெட்டிலேயே கட்டிய மத்திய அரசு, மதுரைக்கு மட்டும் கடன் வழியைத் தேர்ந்தெடுத்தது. அது டோக்கியோவின் முடிவல்ல, டெல்லியின் முடிவு. 2022-இல் சேர்ந்த முதல் மாணவர்கள் ராமநாதபுரத்தில் உட்கார்ந்து மதுரை எய்ம்ஸில் படித்தார்கள்!

சிம்மக்கல் மருந்துக்கடைக்காரர்: சில புற்றுநோய், காசநோய் மருந்துகளின் விலை திடீரென்று விழுகிறது. யார் தீர்மானிக்கிறார்கள்?

1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துக்குக் காப்புரிமை தரவில்லை, செய்முறைக்கு மட்டும்தான் தந்தது. வேறு வழியில் அதே மருந்தைத் தயாரித்தால் குற்றமில்லை. நம் மருந்து ஆலைகள் வளர்ந்தது அந்த நிழலில். 1995-இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததால் 2005 முதல் மருந்துக்கே காப்புரிமை தர வேண்டியதாயிற்று. சுகாதார அமைச்சர்கள் போடாத கையெழுத்து சுகாதாரத்தை இந்த அளவுக்கு மாற்றியது.

ஆனாலும் கதவு முழுதாக மூடவில்லை. பொதுச் சுகாதாரத்துக்காக நாடுகள் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமைக்காரர் சம்மதிக்காவிட்டாலும் மற்றவர் தயாரிக்க அனுமதி, வழங்கலாம் என்று 2001-இல் அதே அமைப்பின் தோஹா மாநாட்டில் உறுதிசெய்தார்கள். அந்த வழியில் இந்தியா 2012-இல் சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்தைத் தயாரிக்க உள்நாட்டு நிறுவனத்துக்கு உரிமம் தந்தது. மாதம் சுமார் 2,80,000 ரூபாயாக இருந்தது 8,800 ஆனது. இன்னொரு கதவு நம் சட்டத்தின் 3(டி) பிரிவு: பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதிதென்று காப்புரிமை கேட்க முடியாது.

மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தரும் பெடாகுயிலின் கதை வேறு. காசநோய் மருந்தால் செவித்திறனை இழந்த இரண்டு பெண்கள், ஒருவர் இந்தியர், ஒருவர் தென்னாப்பிரிக்கர், அதன் காப்புரிமை நீட்டிப்பை எதிர்த்து மனுச் செய்தார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நீட்டிப்பை மறுத்தது. அதனால்தான் மற்ற நிறுவனங்களும் தயாரிக்க வழி பிறந்தது.

செவிலியர் மாணவி, உசிலம்பட்டி: "மதுரைக் கால்" என்ற நோய்க்கும் நம் ஊருக்கும் என்ன தொடர்பு?

1842-இல் ஜான் கில் என்ற மருத்துவர் இங்கேதான் அதை விவரித்தார். மருத்துவப் பெயர் மைசிட்டோமா. வெறுங்காலில் வயலில் நடக்கும்போது முள் குத்திய இடத்தின் வழியே பாக்டீரியாவோ பூஞ்சையோ நுழைகிறது. தொடக்கத்தில் வலியே இராது. அதனால் கால் வீங்கி, துளை விழுந்து, மணிமணியாகச் சீழ் வடியும்போதுதான் வருவார்கள். பாக்டீரியாவா பூஞ்சையா என்று பரிசோதிக்காமல் மருந்து தரக்கூடாது அம்மா, இரண்டுக்கும் சிகிச்சை வேறு. புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் இதை உலக சுகாதார நிறுவனம் சேர்த்தது 2016-இல். விவரித்து 174 ஆண்டு கழித்து! பட்டியலில் ஏறினால்தான் ஆராய்ச்சிக்குப் பணம் தேடவே முடியும். ஏழை விவசாயியின் கால்தானே என்று காத்திருந்தார்கள் போலும்.

அண்ணாநகர், கைக்குழந்தையின் தாய்: பால்பவுடர் டப்பாவிலேயே "தாய்ப்பாலே சிறந்தது" என்று எழுதியிருக்கிறதே, ஏன்?

சட்டம் அப்படி எழுதச் சொல்கிறது. 1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதார மன்றம், பால்பவுடர் விற்பனைக்கான ஒரு நெறிமுறையை 118-க்கு 1 என்ற வாக்கில் ஏற்றது. எதிர்த்த ஒரே நாடு அமெரிக்கா. இந்தியா 1992-இல் அதைச் சட்டமாக்கியது. விளம்பரமும் இலவச மாதிரி டப்பாவும் கூடாது. யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

மேலூர் இளைஞர்: கென்யாவில் வேலை கிடைத்திருக்கிறது. மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா?

கட்டாயம் தம்பி, நீங்கள் திரும்பி வரும்போது நம் நாடே கேட்கும். இங்கே அந்த நோய் இல்லை, ஆனால் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு ஏராளம். ஊசி போட்டதற்கான அட்டை இல்லாமல் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்து அட்டை செல்லும், 2016 முதல் ஆயுள் முழுதும் செல்லும். சென்னை கிண்டி கிங் நிலையத்திலும் தூத்துக்குடித் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். உங்களுக்குத் தூத்துக்குடி பக்கம். எந்தக் கிழமை என்று முன்கூட்டியே கேட்டு, பாஸ்போர்ட்டோடு போங்கள்.