எக்லேரா, குரோசானா?

கேள்வி: சுங்கை சிப்புட் தோட்டப் பக்கம் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன், அக்கா. கோலாலம்பூரில் ஒரு நாள் பிரெஞ்சு பேஸ்ட்ரி வகுப்புக்குப் போக ஆசை. எக்லேர் (உள்ளே கிரீம் நிரப்பிய நீளமான பேஸ்ட்ரி) கற்கவா, குரோசான் (பிறை வடிவ அடுக்கு ரொட்டி) கற்கவா?

பதில்: கண்டிப்பாகப் போங்கள், தங்கச்சி. உங்கள் ஊரிலிருந்தே கேஎல் சென்ட்ரலுக்கு இடிஎஸ் ரயில் இருக்கிறது. பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: மாவை நாமே பிசைவோமா, ஆசிரியர் செய்வதைப் பார்ப்பது மட்டுமா? கையில் மாவு ஒட்டாத வகுப்புக்குக் காசு கொடுக்க எனக்கு மனசே வராது.

என் ஓட்டு எக்லேருக்கு. ஈஸ்ட், பேக்கிங் பவுடர் எதுவும் வேண்டாம். தண்ணீரும் வெண்ணெயும் கொதித்ததும் மாவைக் கொட்டி, சட்டியில் ஒட்டாமல் திரளும்வரை கிளறி, சூடு தணிந்தபின் முட்டை சேர்க்க வேண்டும். ஓவனில் மாவின் ஈரம் ஆவியாகி அதை உப்ப வைக்கும். நம் வெயிலிலும் தைரியமாகச் செய்யலாம்.

குரோசான் அப்படியில்லை. மாவுக்குள் வெண்ணெயை வைத்து, மூன்று தடவை மூன்றாக மடித்தால் வெண்ணெய் 27 அடுக்காகும். ஏர்கான் வகுப்பில் அழகாக வரும். 32 டிகிரி சமையலறையில் வெண்ணெய் இளகி மாவோடு கலந்துவிடும். அதுதான் வேண்டுமென்றால் சரி, விடியற்காலையில் ஆரம்பியுங்கள், ஒவ்வொரு மடிப்புக்குப் பிறகும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

அப்புறம், கிரீமில் ஜெலட்டின் (விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) சேர்ப்பார்களா என்றும் விசாரியுங்கள். உங்களிடம் வாங்குபவர்களுக்கு அது முக்கியம்.