தேதி சொல்கிறவள்: வாசகர் கேள்வி-பதில்

ஐ.டி.யில் 19 வருடம் ஓட்டியாயிற்று. அதில் கடைசி 10 வருடம் புராஜெக்ட் மேனேஜர். முதல் பாதி சென்னை சோழிங்கநல்லூரில், மீதி இங்கே மதுரை இலந்தைக்குளத்தில். 'பி.எம். வேலையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்' என்று போன இதழில் எழுதியிருந்தேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்டவர்கள்தான் அதிகம். அவர்கள் மன்னிக்க, மற்றவர்களுக்குப் பதில் இதோ.

கேள்வி: என் மகன் சாஃப்ட்வேர் கம்பெனியில் புராஜெக்ட் மேனேஜர். ஆனால் புரோகிராம் எழுதுவதில்லையாம். 'பிறகு என்னப்பா செய்கிறாய்' என்றால் 'பேசுறேம்மா' என்கிறான். பெண் வீட்டார் கேட்டால் நான் என்ன சொல்வது?
- ஒரு தாய், திருமங்கலம்

பதில்: தம்பி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார் அம்மா. கல்யாண வீட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலைகிற மாமா ஒருவர் இருப்பார் இல்லையா? அவர் சமைக்க மாட்டார், மேளம் வாசிக்க மாட்டார், தாலியும் அவர் கட்டப் போவதில்லை. ஆனால் மாட்டுத்தாவணியிலிருந்து பூ கிளம்பிவிட்டதா, இரண்டாவது சிலிண்டர் இறங்கியதா, முதல் பந்திக்கு எத்தனை இலை என்பதெல்லாம் அவருடைய சட்டைப் பையில் மடித்து வைத்த தாளில் இருக்கும். சாப்பாடு ருசியாக இருந்தால் பாராட்டு சமையல்காரருக்கு. பந்தி தாமதமானால் திட்டு இவருக்கு. உங்கள் மகன் அந்த மாமா. பெண் வீட்டாரிடம் இப்படியே சொல்லுங்கள், கல்யாண வேலைக்குத் தனியாக ஆள் தேட வேண்டாம் என்று சந்தோஷப்படுவார்கள்.

கேள்வி: ஆறு வருடமாக ஜாவா எழுதுகிறேன். இப்போது பி.எம். ஆகச் சொல்கிறார்கள். கோடிங்கை விட்டுவிடலாமா அக்கா?
- கே. புதூர் வாசகர்

பதில்: புரோகிராமில் ஒரு பிழையை, அதாவது பக்கை, தேடிப் பிடித்துச் சரிசெய்த ராத்திரி உங்களுக்கு நன்றாகத் தூக்கம் வருகிறதா? அப்படியென்றால் சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட் (புரோகிராமின் அமைப்பைத் தீர்மானிப்பவர்) பக்கம் போங்கள் தம்பி, அதிலும் மேலே போகலாம். நான் பி.எம். ஆன புதிதில் சாயங்காலம் ஆறு மணிக்கு 'இன்றைக்கு என்ன செய்தோம்' என்று யோசித்தால் கையில் ஒன்றுமே நிற்காது. நாலு கால், நாற்பது மெயில், ஒருவருக்கு லீவு, இன்னொருவருக்கு லேப்டாப் ரிப்பேர். அந்த வெறுமை பழக எனக்கு ஒரு வருடம் ஆனது. சிலருக்குப் பழகுவதே இல்லை.

கேள்வி: எங்கள் டெய்லி ஸ்டாண்ட்-அப் (தினமும் நின்றபடியே பேசி முடிக்க வேண்டிய மீட்டிங்) ஒரு மணி நேரம் ஓடுகிறது. 15 நிமிடம்தான் என்று விதியில் இருக்கிறதே?
- மேலூர் வாசகர்

பதில்: உட்கார்ந்து பேசுகிறீர்கள். நாற்காலிகளை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வேலை தேதிக்குள் முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கிளையன்ட்டிடம் எப்போது சொல்வது? 'சமாளிச்சிரலாம், இப்ப வேண்டாம்' என்கிறார் என் டெலிவரி மேனேஜர்.
- டீம் லீட், கே.கே. நகர்

பதில்: இதற்கு நான் பட்டதைச் சொல்கிறேன். பி.எம். ஆன இரண்டாவது வருடம். அமெரிக்க இன்ஷூரன்ஸ் கிளையன்ட், இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கவனிக்கும் க்ளெய்ம் மாட்யூல், எங்கள் பக்கம் ஐந்து பேர். ஆறாவது வாரம் அவர்கள் டெஸ்ட் டேட்டா, அதாவது புரோகிராமைச் சோதித்துப் பார்க்க நிஜ விவரங்கள், தர வேண்டும். வரவில்லை. கேட்டால் 'அடுத்த வாரம்' என்று ஒரு வரி பதில் வந்தது.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் அனுப்புவோம். எல்லாம் சரி என்றால் பச்சை, இழுத்தால் மஞ்சள், போச்சு என்றால் சிவப்பு. ஆறாவது வாரம் பச்சை போட்டேன். ஏழாவது வாரமும் பச்சை. இதற்கிடையில் எங்கள் டெஸ்டர் சும்மா இருக்க முடியாமல் தானே 40 க்ளெய்ம் எழுதி வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். நாற்பது பேருக்கும் பிறந்த தேதி ஜனவரி 1. எல்லாம் பாஸ். எட்டாவது வாரமும் பச்சை!

ஒன்பதாவது வாரம் நிஜ டேட்டா வந்தது. பாதிப் பேருக்குப் பிறந்த தேதியே இல்லை. ஒரே பாலிசிக்கு இரண்டு உரிமையாளர்கள். எங்கள் புரோகிராம் அங்கங்கே விழுந்தது. பத்தாவது வாரம் நேராகச் சிவப்பு போட்டேன். வெளியே பச்சை, உள்ளே சிவப்பு என்று இருக்கும் இந்த மாதிரி ரிப்போர்ட்டுக்கு எங்கள் தொழிலில் தர்பூசணி என்று பெயர். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அன்றைய போன் காலில் கிளையன்ட் பக்கத்து மேனேஜர் அம்மா சத்தம் போடவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார்: 'இது உங்களுக்கு எப்போது தெரியும்?' என் நோட்டைப் பார்த்தேன். ஆறாவது வாரப் பக்கத்தில் 'டேட்டா வரலை' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. நாலு வாரம் முன்பே தெரியும் என்றேன். 'அன்றைக்கே சொல்லியிருந்தால் நானே அந்த டிபார்ட்மென்ட்டுக்குப் போய் வாங்கித் தந்திருப்பேனே' என்றார். தாமதம் அவர்கள் பக்கம். அதை மூடி வைத்தது நான். பழி யார் தலையில் விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

கதை இதோடு முடியவில்லை. எங்கள் மேலிடம் பதறிப்போய் 'ஆறு பேர் கூடுதலாகத் தருகிறோம், பிடித்துவிடு' என்றது. தாமதமான சாஃப்ட்வேர் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஐ.பி.எம்.மில் பெரிய புராஜெக்ட் நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ் 1975லேயே எழுதிவிட்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐந்து பேர் இருந்தால் இவர் அவரிடம் பேச 10 ஜோடி. பதினொரு பேர் ஆனால் 55 ஜோடி. என் ஐந்து பேரில் கெட்டிக்காரர்கள் இரண்டு பேர், வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே இரண்டு வாரம் கழித்தார்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் டெலிவரி மேனேஜருக்கு மெயிலில் எழுதுங்கள்; வாயால் சொன்னது நிற்காது. அவரைத் தாண்டி நேராகக் கிளையன்ட்டிடம் போகாதீர்கள், அது வேறு வம்பு. 'சில சிக்கல்கள் உள்ளன' என்று மொட்டையாக எழுதாமல் இப்படி எழுதுங்கள் (கோ-லைவ் என்றால் சாஃப்ட்வேர் நிஜமாக ஓட ஆரம்பிக்கும் நாள்): 'டேட்டா 12ஆம் தேதி வர வேண்டியது, வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் கோ-லைவ் தேதி மாறாது. அதற்குப் பிறகு தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் கோ-லைவ் ஒரு நாள் தள்ளும்.' இதை மறுக்க எந்த டெலிவரி மேனேஜருக்கும் கை வராது. மறுத்தாலும் மெயில் இருக்கிறது.

கேள்வி: பி.இ. முடித்து வேலை தேடுகிறேன். பி.எம்.பி. பரீட்சை எழுதினால் நேராக பி.எம். ஆகிவிடலாம் என்று ஒரு கோச்சிங் சென்டரில் சொல்கிறார்கள். பணம் கட்டலாமா?
- பைபாஸ் ரோடு வாசகர்

பதில்: கட்டாதீர்கள். அந்தப் பரீட்சையை நடத்துவது பி.எம்.ஐ. (புராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட்), 1969ல் அமெரிக்காவில் ஆரம்பித்த அமைப்பு. டிகிரி இருந்தாலும் 36 மாதம் புராஜெக்ட் நடத்திய அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் காட்டினால்தான் 180 கேள்விகளுக்கு முன்னால் உட்காரவே விடுவார்கள். பாஸ் ஆன பிறகும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை 60 யூனிட் (யூனிட் என்றால் ஒரு மணி நேரப் படிப்பு) படித்துக் கணக்குக் காட்ட வேண்டும். அனுபவம் இல்லாதவர்களுக்கென்று அதே அமைப்பு சி.ஏ.பி.எம். என்று ஒன்று வைத்திருக்கிறது. அதற்கு 23 மணி நேரப் பயிற்சி போதும். ஆனால் அதை வைத்து யாரும் உங்களை மேனேஜர் நாற்காலியில் உட்கார வைக்க மாட்டார்கள். முதலில் டெஸ்டிங்கோ சப்போர்ட்டோ, கிடைக்கிற வேலையில் சேருங்கள். நான் சேர்ந்தது சப்போர்ட்டில், அதுவும் நைட் ஷிஃப்ட்.

கேள்வி: என் கணவருக்கு நியூயார்க் டீமோடு தினமும் ராத்திரி ஏழரைக்குக் கால். ஐப்பசி பாதியில் அது திடீரென்று எட்டரை ஆகிவிடுகிறது. பங்குனி வரை இப்படித்தான். உண்மையா, சாக்கா?
- இல்லத்தரசி, அனுப்பானடி

பதில்: உண்மைதான், அவரை விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு திரும்ப முன்னால் வைப்பார்கள். நாம் மாற்றுவதில்லை. அதனால் நமக்கும் நியூயார்க்குக்கும் ஒன்பதரை மணி நேரமாக இருக்கும் வித்தியாசம் குளிர்காலத்தில் பத்தரை ஆகிறது. அவர்களுக்கு எப்போதும் காலை பத்து மணிதான். தோசை ஆறுவது நம் வீட்டில். ஆனால் ஒன்று, அந்த மாதங்களில் மட்டும் கால் நேரத்தை அவர்கள் பக்கம் ஒன்பதுக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம். நான் கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். உங்கள் வீட்டுக்காரர் கேட்டாரா என்று கேளுங்கள்.

கேள்வி: அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் ரிலீஸ் (சாஃப்ட்வேரை வெளிவிடுவது) வைத்திருக்கிறார்கள். மேனேஜர் பெங்களூருக்காரர். லீவு கேட்டால் 'ஈவ்னிங் போய் சாமி பாருங்களேன்' என்கிறார்!
- தல்லாகுளம் வாசகர்

பதில்: அடப் பாவமே. சென்னையிலிருந்து இங்கே திரும்பி வந்த முதல் வருடம் நானே இந்தத் தப்பைச் செய்தேன், மதுரையில் பிறந்துவிட்டு! ஜனவரியில் பிளான் போட்டபோது சித்திரா பௌர்ணமியைப் பார்க்கவில்லை. ரிலீஸ் அன்று விடியற்காலை ஒரு பையனுக்கு போன் போட்டால் 'கோவிந்தா' என்ற சத்தம் மட்டும் கேட்டது. அழகரை எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவைக்கு முந்தின நாளே போனவன், கூட்டத்தோடு ஆற்றுக்கே போய்விட்டான். இன்னொருவன் போனையே எடுக்கவில்லை. இப்போதெல்லாம் புது வருடக் காலண்டர் வந்ததும் முதல் வேலையாக அந்த இரண்டு நாளையும் பிளானில் அடைத்துவிடுகிறேன்.

உங்கள் மேனேஜரிடம் பக்தியைப் பேசாதீர்கள், கணக்கைப் பேசுங்கள். நவம்பர் நாலாவது வியாழன் அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங். அந்த வாரம் யாராவது ரிலீஸ் வைக்கிறார்களா? மதுரை டீமில் அன்றைக்கு எத்தனை பேர் இருப்பார்கள் என்று பெயர் போட்டு ஒரு எக்ஸெல் அனுப்புங்கள். தேதி தானாக நகரும்.

தங்கச்சி கல்யாணத்துக்குக் கிளம்பி வந்த அழகரே, ஆற்றுக்குள் வரும்போது தாலி கட்டி முடிந்தது என்று கேள்விப்பட்டு, கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமல் வண்டியூர் பக்கம் திரும்பிவிட்டார் என்பதுதானே நம் ஊர்க் கதை. எங்கள் டீமில் யார் தேதி தவறினாலும் 'வண்டியூர் போயிட்டாரு' என்போம். போன வருடம் ஒரு பையன் ஸ்டேட்டஸ் காலில் வாய் தவறி அதைச் சொல்லிவிட்டான். கிளையன்ட் ரொம்பச் சிரத்தையாக, 'வண்டியூர் எந்த டைம் ஸோன்?' என்று கேட்டார்.